பாதுகாப்புக் கையிருப்பு: கப்பல் தாமதத்தைக் கணக்கில் சேர்க்கிறீர்களா?

பாரிமுனையில் இறக்குமதிச் சரக்கு விற்கும் பல கடைகளில் கையிருப்பை முடிவு செய்வது ஒரே வரிதான்: "ரெண்டு மாச ஸ்டாக் இருந்தா போதும்." வேகமாக ஓடும் பொருளுக்கும் அதே இரண்டு மாதம், ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்று போகும் பொருளுக்கும் அதே இரண்டு மாதம். கடைசியில் ஓடாத சைஸ் பெட்டி பெட்டியாகக் குடோனை அடைத்துக்கொள்கிறது. தினமும் கேட்கும் சைஸ் இல்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறோம்.

கடல்வழி வரும் சரக்கில் இதற்குப் பெரும்பாலும் விற்பனையின் ஏற்ற இறக்கத்தைக் குற்றம் சொல்கிறார்கள். விற்பனை கூடினாலோ கப்பல் தாமதமானாலோ தீர்ந்துபோகாமல் இருக்கக் கூடுதலாக வைக்கும் சரக்குதான் பாதுகாப்புக் கையிருப்பு. அது எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது.

செம்புதாஸ் தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை. சீனாவிலிருந்து அரை இஞ்ச் பித்தளை பால் வால்வு வரவழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குச் சராசரி விற்பனை 40, அதன் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 12. ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து குடோனுக்கு வந்து சேரச் சராசரி 49 நாள், அதன் திட்ட விலக்கம் 10 நாள். இரண்டு விலக்கங்களையும் எக்செல்லே போட்டுத் தரும்.

முதலில் விற்பனைப் பக்கம்: 12-இன் வர்க்கம் 144, அதை 49-ஆல் பெருக்கினால் 7,056. அடுத்து வரத்துப் பக்கம்: 40-இன் வர்க்கம் 1,600, அதை 10-இன் வர்க்கமான 100-ஆல் பெருக்கினால் 1,60,000. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 409. ஓர் ஆர்டரிலிருந்து அது வந்து சேரும்வரை ஒரு சுற்று. நூறு சுற்றில் 95 சுற்று சரக்கு தீராமல் ஓட வேண்டுமானால் இதை 1.65-ஆல் பெருக்க வேண்டும். விடை 674 வால்வு. இதுதான் பாதுகாப்புக் கையிருப்பு. 99 சுற்று வேண்டுமென்றால் பெருக்கும் எண் 2.33, கையிருப்பு 952 ஆகிவிடும். எல்லாப் பொருளுக்கும் 99 கேட்பது பணத்தை முடக்குவதுதான்.

இப்போது விற்பனைக் கணிப்பைப் பிரமாதமாகத் திருத்தி, 12-ஐ 6 ஆக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். 674 வெறும் 664 ஆகிறது. பத்து வால்வு மிச்சம். அதே உழைப்பை வரத்தில் காட்டி 10 நாள் ஆட்டத்தை 5 நாளாக்கினால் 358 போதும். பாதுகாப்புக் கையிருப்பில் முடங்கிய பணத்தில் கிட்டத்தட்டப் பாதி கைக்கு வருகிறது.

ஆகவே ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தேதிகளை எழுதி வையுங்கள்: ஆர்டர் உறுதியான நாள், ஃபேக்டரியை விட்ட நாள், கப்பல் ஏறிய நாள், சென்னை, எண்ணூர் அல்லது காட்டுப்பள்ளியில் இறங்கிய நாள், சிஎஃப்எஸ் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னரை வைத்துச் சுங்க வேலை முடிக்கும் கிடங்கு) வந்த நாள், சுங்க அனுமதி, குடோனில் எண்ணி முடித்து விற்பனைக்குத் தயாரான நாள். சப்ளையர் சொல்லும் "45 நாள்" இதில் எங்கும் இடம்பெறக் கூடாது. இருபது கன்டெய்னர் சேர்ந்ததும் எந்தக் கட்டம் அதிகம் ஆடுகிறது என்று பாருங்கள். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறும் சரக்கு அடுத்த கப்பலைத் தவறவிட்டால் ஒரு வாரம் போகும். நேரடிக் கப்பலுக்குக் கூடுதல் வாடகை கேட்டால், அதை மேலே மிச்சமான சுமார் 300 வால்வில் முடங்கும் பணத்தின் வட்டியோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்துறைக்குத் தரும் இறக்குமதி விவர ஆவணம்) கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2021 முதல் சட்டம். ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) கூரியரில் வரட்டும் என்று காத்திருப்பதைவிட, அந்தக் காகிதம் இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸ் கேட்டு வாங்குங்கள். இவையெல்லாம் உங்கள் கையிலும் கிளியரிங் ஏஜென்ட் கையிலும் உள்ள நாள்கள்.

கையிருப்பு எந்த அளவுக்கு இறங்கினால் மறு ஆர்டர் போட வேண்டும்: 40 × 49 = 1,960, அதோடு 674, ஆக 2,634. இதைக் குடோனில் கண்ணுக்குத் தெரியும் சரக்கோடு ஒப்பிடக் கூடாது. கையில் இருப்பது, வழியில் வருவது இரண்டையும் கூட்டி, வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்ததைக் கழித்து ஒப்பிடுங்கள். வழிச்சரக்கை மறந்து இரட்டை ஆர்டர் போடுவதை அடிக்கடி பார்க்கிறோம்.

விற்பனைச் சராசரியிலும் ஒரு ஓட்டை உண்டு. சரக்கே இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம் என்று பில்லிங் சாஃப்ட்வேர் காட்டும். அந்த நாள்களை நீக்காமல் சராசரி எடுத்தால், எந்தப் பொருள் தீர்ந்துபோகிறதோ அதையே இன்னும் குறைவாக வாங்குவீர்கள்.

கிளைகள் இருந்தால் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. பாரிமுனை, பெரம்பூர், திருவொற்றியூர், செங்குன்றம் என நான்கு கடை. மாதவரம் குடோனிலிருந்து அடுத்த லோடு வரும்வரை ஒவ்வொன்றிலும் விற்பனை விலக்கம் 20. தனித்தனியாகக் காத்தால் கடைக்கு 20 × 1.65 = 33, மொத்தம் 132. குடோனில் ஒன்றாக வைத்தால், நான்கு விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வருவது 40 தான், 66 போதும். ஒரு கடையில் கூடினால் இன்னொன்றில் குறையும் என்பதால் கிடைக்கும் லாபம் இது. மழையோ பண்டிகையோ நான்கையும் ஒன்றாகத் தூக்கினால் இந்த லாபம் சுருங்கிவிடும். கவுன்டரில் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் பொருளைக் கடையிலும், மெதுவாக ஓடுவதைக் குடோனிலும் வையுங்கள். கிளைகளிடம் ஆர்டரோடு அன்றாட விற்பனையையும் கேளுங்கள். 40 விற்ற கடை பயத்தில் 50 கேட்க, குடோன் 70 கேட்க, சப்ளையர் சந்தை வளர்ந்துவிட்டதாக நம்புவார்.

வடகிழக்குப் பருவமழையை மட்டும் இந்தச் சூத்திரத்துக்குள் திணிக்காதீர்கள். 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம், இரண்டுமே டிசம்பரில் வந்தவை. புயல் நெருங்கினால் துறைமுக வேலை நிற்கும். புழல் ஏரி உபரிநீர்க் கால்வாயும் கொசஸ்தலையாறும் நிறைந்தால் வடபெரும்பாக்கம், மணலி பக்கம் டிரெய்லர் நகராது. பிறகு பொங்கலுக்கு லோடுமேன்களும் டிரைவர்களும் ஊருக்குப் போவார்கள், அதைத் தொட்டே சீனப் புத்தாண்டுக்கு ஃபேக்டரி மூடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தனிக் கணக்கு வைத்து, ஆர்டரைப் பத்துப் பதினைந்து நாள் முன்னே நகர்த்துவது நடைமுறையில் எளிது.

அப்படி முன்னே வாங்கிய சரக்கு, வெள்ளம் வரக்கூடிய மாதத்தில் குடோன் நிறைய இருக்கும் என்பதையும் யோசியுங்கள். தரையோடு பிவிசி சரக்கை வைத்து, மோட்டாரும் ஸ்விட்ச்கியரும் மேல் ரேக்குக்குப் போகட்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தொகையை மார்ச் மாதக் கையிருப்பை வைத்துப் போடாதீர்கள், டிசம்பர் உச்சத்துக்குப் போடுங்கள். 2 கோடி சரக்கை 1 கோடிக்கு மட்டும் காப்பீடு செய்து 40 லட்சம் நனைந்தால், குறைக்காப்பீட்டு விதிப்படி (மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடோ நஷ்டத்திலும் அத்தனை பங்குதான்) கைக்கு வருவது சுமார் 20 லட்சம்தான்.