கருப்பை வாயில் சத்தமில்லாமல் தங்கும் வைரஸ்

எச்.பி.வி. எனப்படும் பாப்பிலோமா வைரஸ் ரத்தத்தில் கலப்பதில்லை, காய்ச்சலும் தருவதில்லை. கருப்பை வாயின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு இருந்தால் போதும், அதன் வழியே இறங்கி அடியடுக்குச் செல்களில் குடியேறிவிடும். அந்தச் செல்கள் முதிர்ந்து மேலே வர வர வைரஸும் பெருகும். உதிரும் செல்களோடு வெளியேறும். எந்தச் செல்லையும் வெடிக்கச் செய்யாததால் அழற்சி இல்லை, வலி இல்லை. பெண்ணுக்கும் தெரியாது, அவள் உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் தாமதமாகத்தான் தெரியும்.

அப்படியும் பெரும்பாலான தொற்றுகளை உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. அடங்காதவற்றில்தான் ஆபத்து. குறிப்பாக 16, 18 ஆகிய இரு வகைகள் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இவற்றின் இ6, இ7 புரதங்கள், செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் நம் புரதங்களை முடக்கிவிடுகின்றன. ஆனாலும் புற்றுநோயாக முற்றப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகமில்லை. இருந்தும் பெண்கள் இதில் இறக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனைக்குச் சிறு பிரஷ்ஷால் எடுத்த மாதிரி போதும். பெண்ணே தனியாக எடுத்துக்கொள்ளலாம். 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்கு முன் வரும் தொற்றுகள் பெரும்பாலும் தானே போய்விடுபவை.

வசதி குறைந்த இடங்களில் வினிகர் கைகொடுக்கிறது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியில் பார்க்கிறார்கள். மாறிய செல்களில் புரதம் அடர்ந்திருக்கும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல அந்த இடம் மட்டும் வெளுத்து, ஓரம் தெளிவாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததில், இந்நோயால் வந்த மரணம் 35 சதவீதம் குறைந்தது. முடிவு 2007-இல் வெளியானது. மாதவிடாய் நின்ற பின், இத்தகைய மாற்றம் தோன்றும் பகுதி கண்ணுக்குத் தெரியாதபடி உட்குழாய்க்குள் நகர்ந்துவிடுவதால், அப்பெண்களுக்கு இம்முறை ஒத்துவராது.

வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. மாறிய திசுவை அகற்றுவதே சிகிச்சை. சுமார் 100 டிகிரிக்குச் சூடேறிய முனையை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்துத் திசுவை அழிக்கலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். மாற்றம் கருப்பை வாயின் உட்குழாய்க்குள் பரவியிருந்தால், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அப்பகுதியைச் சீவி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள்.

இந்த வைரஸ் உடலுறவு வழியே பரவுவது என்பதால், ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் பல வீடுகளில் பெண்ணின் மீதோ கணவர் மீதோ சந்தேகம் விழுகிறது. தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பல ஆண்டுகளுக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். இந்த வைரஸுக்கான தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ள தொற்றைப் போக்காது. அதனால்தான் ஊசி போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதிக்க வேண்டும். சிகிச்சை பெற்றவர்கள் ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.