கைபேசி எண்ணே வைஃபை பாஸ்வேர்டாக இருக்கும் வீடுகள்

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனதும் வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று கேட்பேன். அடிக்கடி கிடைக்கும் பதில், "என் செல் நம்பர்தான் சார்." ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர், "நம்பர் சொல்லுங்க, அதையே போட்டுடறேன், மறக்காது" என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். பிறகு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதில் உள்ள ஆபத்தைப் பலர் பாதிதான் உணர்ந்திருக்கிறார்கள். உங்கள் எண் தெரிந்தவர் இணையத்தை ஓசியில் பயன்படுத்துவார் என்பதோடு அது முடிவதில்லை. எண் தெரியாதவரும் உள்ளே வரலாம். உங்கள் போன் ரூட்டரோடு சேரும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பாஸ்வேர்டு அப்படியே காற்றில் போவதில்லை. அதை வைத்துக் கணக்கிட்ட ஒரு சான்று போகிறது. சிக்னல் எட்டும் தூரத்தில் இருக்கும் எவரும் அந்தச் செய்திகளைப் பதிவு செய்துகொண்டு போய், தன் கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கு இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. ஆக, மொத்தம் 400 கோடி எண்கள். கேமிங்குக்காக விற்கும் உயர்தர கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குச் சுமார் 10 லட்சம் எண்களைச் சோதித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும், எல்லா எண்ணும் முடிந்துவிடும். சோதனை நடப்பது அவருடைய கணினியில் என்பதால் உங்கள் ரூட்டருக்கு ஒன்றுமே தெரியாது. மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்வது போன்ற தடுப்பெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது.

வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். ஏணி, புளியோதரை, சைக்கிள், கொடுக்காப்புளி, திங்கள் என்பது மாதிரி. (இதையே எடுத்து வைத்துவிட வேண்டாம்.) சினிமாப் பாட்டின் முதல் வரி, குறளின் முதல் அடி, பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடம், இவையெல்லாம் ஊகிப்பவர்களின் பட்டியலில் முதலிலேயே இருக்கும்.

அடுத்து, ரூட்டரில் எந்தப் பாதுகாப்பு முறை ஓடுகிறது என்று பாருங்கள். 1997இல் வந்த டபிள்யூ.இ.பி. முறை 2001லேயே உடைந்துவிட்டது. பழைய ரூட்டரை எடுத்து மாடி அறைக்கு வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் அதைப் பார்க்கிறேன். அதை மாற்றித்தான் ஆக வேண்டும். 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ-2, ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையுடன் இருந்தால் போதுமானது, பாஸ்வேர்டு வலுவாக இருக்கும் வரை. 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ-3 இருந்தால் அதுவே நல்லது. பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. பழைய போன்களுக்காக இரண்டும் கலந்த முறையில் வைத்தால், பழைய முறையில் சேரும் கருவிகள் வழியாக அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு வசதி உண்டு. பட்டனை அழுத்தியோ எட்டு இலக்கப் பின் எண்ணைப் போட்டோ இணைவது. எட்டு இலக்கம் என்றால் வலுவாகத்தான் தோன்றும். ஆனால் ரூட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சியில் பின் எண் கிடைத்துவிடும். 2011இன் இறுதியில் இந்த ஓட்டை வெளியே தெரிந்தது. இந்த வசதியை அணைத்துவிடுங்கள். நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பது, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணால் வடிகட்டுவது ஆகிய இரண்டையும் நான் யாருக்கும் செய்து தருவதில்லை. விஷயம் தெரிந்தவனை அவை தடுக்காது, வீட்டாருக்குத்தான் தொல்லை.

யாரோ கொஞ்சம் இணையம் எடுத்தால் என்ன, அன்லிமிட்டெட் பிளான்தானே என்று கேட்பவர்களுக்கு 2008ஐ நினைவூட்டுவேன். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடம் முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அதைத் தடம் பிடித்த போலீஸ் போய் நின்றது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில். பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, விசாரணை முதலில் அவரிடம்தான் வரும்.

இனி வீட்டுக்குள். என் அனுபவத்தில் அதிகச் சேதம் நடப்பது இங்கேதான்.

அப்பாவின் அலுவலக லேப்டாப்பிலிருந்து மகளின் கணினிக்கு ஃபைல் போக வேண்டும், இருவருக்கும் ஒரே பிரிண்டர் வேண்டும். நியாயமான தேவை. ஆனால் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்க வருபவர் செய்வது என்ன? வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைப்பார், பாஸ்வேர்டு கேட்கும் ஷேரிங்கை நிறுத்துவார், டி டிரைவ் முழுவதையும் 'எவ்ரிஒன்' என்று போட்டு முழு உரிமையோடு திறந்துவிடுவார். வேலை செய்யும், உண்மைதான். வாசல் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே எல்லா பீரோவையும் திறந்து போட்டது போல. அந்த வைஃபையில் சேரும் எந்தக் கருவியும் அந்த டிரைவைப் படிக்கலாம், அழிக்கலாம்.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒரு கணினியில் நுழைந்தால், அந்தக் கணினியால் எழுத முடிகிற எல்லா ஷேர் ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அது நுழைந்த வழி, விண்டோஸின் பழைய ஃபைல் ஷேரிங் முறையான எஸ்.எம்.பி-1. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கணினிகள்தான் மாட்டின.

சரியான முறைக்கும் அதிக நேரம் ஆகாது. வீட்டு நெட்வொர்க்கை விண்டோஸில் 'பிரைவேட்' என்று வையுங்கள், வெளியிடங்களில் 'பப்ளிக்'. ஃபைல் இருக்கும் கணினியில் பகிர்வதற்கென்றே ஒரு யூசர் கணக்கைப் பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள். டிரைவை அல்ல, ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் அந்தக் கணக்குக்குக் கொடுங்கள். படித்தால் போதும் என்றால் படிக்கும் உரிமை மட்டும். மற்ற கணினியில் ஒரு முறை அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் சேமித்துவிட்டால் மறுபடி கேட்காது. புதிய விண்டோஸ் பதிப்புகள் பாஸ்வேர்டு இல்லாத ஷேருக்குள் போக மறுப்பதுண்டு. உடனே யூடியூபைப் பார்த்து அந்தத் தடையை நீக்காதீர்கள், காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். குடும்பப் படங்களும் கணக்கு வழக்கும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இன்னொரு பிரதியாக இருக்கட்டும். காப்பி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

விருந்தாளிகளுக்கும் சிசிடிவிக்கும் 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் தனிப் பாஸ்வேர்டோடு திறந்து கொடுங்கள். 2016இல் இணையத்தை உலுக்கிய மிராய் என்ற தீநிரல் எளிதாகப் பிடித்தது, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான். ஸ்மார்ட் டிவியையும் அங்கே போடலாம். ஆனால் போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவது நின்றுபோகலாம். எது முக்கியம் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். கெஸ்ட் கருவிகள் உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி என்று அமைப்பில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

ரூட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, அட்மின், அட்மின் என்று போட்டால் திறக்கிறதா? உடனே மாற்றுங்கள். தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைச் சொல்வது டிஎன்எஸ்; உள்ளே வந்தவன் அந்த டிஎன்எஸ் முகவரியை மாற்றிவிட்டால், நீங்கள் சரியான பெயரை அடித்தாலும் போய்ச் சேர்வது அவன் காட்டும் போலிப் பக்கமாக இருக்கலாம். பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் தாண்டிப் போகாதீர்கள். வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதி, கருவிகள் தாமாகவே ரூட்டரில் வெளிவழியைத் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி இரண்டும் தேவையில்லாவிட்டால் அணைந்தே இருக்கட்டும். இணைப்பு கொடுத்தவர் அட்மின் பாஸ்வேர்டைத் தர மறுத்தால், அவருடைய பெட்டியின் வைஃபையை அணைக்கச் சொல்லி, பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றைப் போடுங்கள்.

சிக்னல் விஷயம் சுருக்கமாக. ரூட்டர் வீட்டின் நடுவில், உயரத்தில் இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றில் கூட்டம் குறைந்த சேனல். இடம் மாறாத கணினிக்கு வைஃபை எதற்கு, கேபிள் இழுத்துவிடுங்கள்.

ரூட்டரை மாற்றும்போது பழையதைக் காயலான் கடையில் போடுவதற்கு முன், பின்பக்கச் சின்னத் துளையில் குண்டூசியை வைத்து, விளக்குகள் அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் இணைப்பின் யூசர் பெயரும் அதுவரை அதற்குள்தான் இருக்கும்.