கபுகி-ஸா: இருக்கை அரங்கான கதை

கபுகி ஜப்பானின் மரபான நாடகக் கலை. டோக்கியோவின் கின்ஸா பகுதியில் இருக்கும் புகழ்பெற்ற கபுகி அரங்கின் பெயர் ‘கபுகி-ஸா’. தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

கபுகியை இன்று பாட்டு, ஆட்டம், திறமை என்ற பொருள் தரும் மூன்று எழுத்துகளால் எழுதுகிறார்கள். பொருத்தம்தான், ஆனால் ஒலிக்காகப் பின்னால் ஒட்டவைத்தவை அவை. வேர் ‘கபுகு’: சாய்தல், வழக்கத்திலிருந்து கோணுதல். விசித்திர உடையும் நீண்ட வாளுமாகத் தெருவில் திமிராகத் திரிந்தவர்களைக் ‘கபுகிமோனோ’ என்றார்கள். 1603 வாக்கில் கியோட்டோவில் ஒகுனி என்ற பெண் அவர்களைப் போலவே ஆண் வேடமிட்டு, இடுப்பில் வாளோடு ஆடினாள். ஆட்டத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. நம் ‘கோணங்கித்தனம்’ ஓரளவு பக்கத்தில் வரும். (பெண் தொடங்கிவைத்த இந்த ஆட்டத்தில் 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. அப்புறம் பெண் வேடமும் ஆண்கள் கைக்குப் போனது.)

எனக்குப் பிடித்தது ‘ஸா’தான். எழுத்தைப் பாருங்கள்: மேலே கூரை, கீழே மண், மண்மேல் இரண்டு பேர். இருக்கை என்று பொருள். பிறகு சேர்ந்து உட்காரும் கூட்டம், உரிமை பெற்ற தொழிற்குழு, நாடகக் குழு, கடைசியில்தான் அவர்கள் ஆடும் கொட்டகை. எடோ காலத்தில் (1603–1868) அரசு உரிமம் பெற்ற நகமுரா-ஸா, இச்சிமுரா-ஸா, மொரிதா-ஸா எல்லாம் இந்த வழியில் வந்த பெயர்கள். கின்ஸாவிலும் இதே ஸா. அங்கே வெள்ளிக்காசு அடித்த குழுவின் பெயர் ஊருக்கு வந்தது.

கபுகி-ஸா 1889இல் திறந்தது. 1921இல் மின்கோளாறால் எரிந்தது. திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது 1923 நிலநடுக்கத்தில் மறுபடி தீ. 1945இல் குண்டுவீச்சு, 1951இல் மீண்டும் திறப்பு. 2010இல் அதையும் இடித்து, 2013இல் 29 மாடிக் கோபுரத்தோடு புதிதாக எழுப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆட்டம் பக்கத்திலிருந்த ஷிம்பாஷி எம்புஜோ என்ற அரங்கில் நடந்தது.

சரி, தமிழ்ச்சொல்? ‘அரங்கு’ கட்டடத்தோடு நின்றுவிடும். ‘அவை’ கூடும் ஆட்களையும் கூடும் இடத்தையும் சேர்த்தே சொல்லும். சென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: கச்சேரி ஏற்பாடு செய்யும் அமைப்பும் சபா, போய் உட்காரும் மண்டபமும் சபா. ஆகவே ‘கபுகி அவை’ என்பது என் தேர்வு. கபுகியை அப்படியே விட்டுவிடலாம். கதகளியை யாராவது மொழிபெயர்க்கிறார்களா?