பிள்ளையை அப்பா பாட்டி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். சியாபு என்ற போதைப்பொருள் எடுக்கும் கணவரைப் பிரிந்து வரும் தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "பிள்ளையை அவர் கண்ணிலேயே காட்டாம இருக்கலாமா மேடம்?" கணவர் வீட்டாரோ, "பெத்த அப்பன் பார்க்கக்கூடாதா?" என்று கொதிப்பார்கள். இரண்டு தரப்பின் வலியும் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றம் பிள்ளையின் பக்கமிருந்துதான் இதைப் பார்க்கும்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88ஆவது பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானமும் அதில் உண்டு. போதைப்பொருள் எடுப்பவர் தாய் என்றால், ஆதாரம் காட்டி அந்த அனுமானத்தை மறுக்கலாம். தேவைப்பட்டால் பிள்ளையை உறவினரிடமும் ஒப்படைக்கலாம்.

பழக்கம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அப்பாவையே பார்க்கக்கூடாது என்று நீதிபதிகள் எளிதில் சொல்வதில்லை. பார்க்கட்டும், ஆனால் கூடவே ஒருவர் இருக்கட்டும் என்று 89ஆவது பிரிவின்கீழ் நிபந்தனை விதிக்கலாம். அந்த ஒருவர் யார் என்பதில்தான் சிக்கலே.

எங்கள் பக்கம் உடனே கைகாட்டுவது அப்பாவைப் பெற்ற பாட்டியை. பாசமானவர், செலவில்லை, பிள்ளைக்கும் பழகிய வீடு. ஒரு வழக்கில் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) அப்படித்தான் ஏற்பாடானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு இரவு கண் மூடாத மகன் காலையில் வந்து படுத்தவர், பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை. பாட்டி பக்கத்து லயத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். ஆறு வயதுப் பெண் மைலோ டின்னைத் திறந்து, தூளை வெறுமனே அள்ளித் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பாவ எழுப்பி எழுப்பிப் பார்த்தேன், எந்திரிக்கவே இல்ல" என்றாள் அம்மாவிடம்.

சியாபு அப்படித்தான். நாள்கணக்கில் தூங்கவிடாது, வேகம் இறங்கியதும் ஆளை அடித்துப் போட்டுவிடும். வீட்டில் இருப்பவர்கள் வேலைக் களைப்பு என்று நினைப்பார்கள். "எம்புள்ளய எப்படிம்மா வாசல்ல நிறுத்தி, இன்னைக்குப் போயிட்டு வான்னு சொல்றது?" என்று அந்தப் பாட்டி அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாயால் தாங்க முடியாத வேலையை அவர் தலையில் கட்டியிருந்தோம், அவ்வளவுதான்.

கூட இருப்பதற்கு, அப்பாவின் சம்பளத்தில் வாழாதவர், அவரோடு ஒரே கூரையில் இல்லாதவர், "இன்னைக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், இரு வீட்டாரும் மதிக்கும் பெரியவர் என்று யாராவது இருப்பார்கள். இடமும் வீடாக இருக்க வேண்டியதில்லை. டவுனில் பகல் நேரத்தில் ஆள் நடமாட்டம் உள்ள சாப்பாட்டுக் கடையே போதும். ஆபத்து கூடுதல் என்றால் சமூக நல இலாகா அதிகாரியின் கருத்தைப் பெறும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

உத்தரவில் "நியாயமான நேரங்களில் சந்திக்கலாம்" என்று மட்டும் இருந்தால் சண்டை நிச்சயம். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிய வேண்டும், யார் கூட்டி வருவது, மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகலாமா, தள்ளாடி வந்தால் சந்திப்பை யார் நிறுத்துவது என்பதையெல்லாம் எழுதிக் கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் கேட்கலாம். ஆனால் சியாபு சிறுநீரில் தெரிவது சில நாட்களுக்குத்தான். தேதி முன்கூட்டியே தெரிந்தால் ஒருவாரம் அடக்கிக்கொண்டு வந்துவிடலாம். அதனால் ஒரே ஒரு நல்ல முடிவை நம்பிவிடாதீர்கள்; திடீரென்று சொல்லி, பலமுறை எடுக்க வேண்டும்.

அம்மாக்களுக்கு ஒன்று. உத்தரவு கையில் இருக்கும்போது நீங்களாகப் பிள்ளையை மறைத்தால், நீதிமன்ற அவமதிப்பு வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஆபத்து என்றால் போலீஸ் புகார் செய்யுங்கள், 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழையுங்கள், அப்புறம் உடனே உத்தரவை மாற்ற மனுப் போடுங்கள். லாயருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி இலாகா இருக்கிறது. வீடு திரும்பிய பிள்ளையை உட்கார வைத்து "அப்பா என்ன செஞ்சாரு, யார் வந்தா?" என்று துருவாதீர்கள். பார்த்ததைக் குறித்து வைப்பது கூட இருந்த பெரியவரின் வேலை.

அப்பாக்களே, ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல சியாபுவுக்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் ஆலோசனையும் சிகிச்சையும் உண்டு. போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யிடம் நீங்களாகவே போய்ச் சேரலாம். நிலைமை உண்மையிலேயே மாறினால் 96ஆவது பிரிவின்கீழ் உத்தரவையும் மாற்றலாம். வரும்போது சிகிச்சைப் பதிவு, பரிசோதனை முடிவுகள், சம்பளச் சீட்டு, தவறாமல் சந்திப்புக்கு வந்ததற்கு அந்தப் பெரியவர் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.