செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் எர்த் பட்டையைத் தொட்டுப் பாருங்கள்

இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைச் சாக்குப் பையில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு டிரைவர் வந்தார். பத்துச் சக்கர லாரி, கரண்ட் இல்லாமலே டீசல் பம்ப் ஓடும் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி. எட்டு மாதத்தில் இது மூன்றாவது முறையாம். ஒரு தடவை உள்ளே சுற்றும் ஆர்மேச்சரை மாற்றியிருக்கிறார்கள், அடுத்த தடவை மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சொலனாய்டை. "அண்ணா, ராத்திரிக்கு லோடு இருக்குதுங்க, எப்படியாவது செஞ்சு குடுத்துருங்க" என்றார். பின்பக்க மூடியைக் கழற்றியதும் உள்சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஈயம் தெறித்து ஒட்டியிருந்தது. ஆர்மேச்சர் கம்பியையும், அதன் முனையில் செப்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டரையும் சேர்த்துப் பற்றவைத்த ஈயம்தான் அது, சூட்டில் உருகி, சுற்றுகிற வேகத்தில் வீசப்பட்டிருக்கிறது. அந்தப் பொட்டுகளைப் பார்த்தாலே வண்டியை எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மோட்டாரைச் சரிசெய்து நானே வண்டியில் மாட்டினேன், மாட்டியதோடு அனுப்பிவிடவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முளையிலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டார் பாடியிலும் வைத்துக்கொண்டு டிரைவரைச் சாவி போடச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சேசிஸில் இருந்து கியர் பாக்ஸுக்கு வரும் எர்த் பட்டையை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பின்னல் பட்டையை, சேறு மூடியிருந்தது, சுரண்டிப் பார்த்தால் பின்னலில் பாதிக்கு மேல் அறுந்து, மீதி பச்சை பூத்துக் கிடந்தது. மூன்று முறை செல்ஃபைச் செலவழித்த வண்டிக்குத் தேவைப்பட்டது ஒரு புது எர்த் பட்டையும் கொஞ்சம் உப்புக் காகிதமும்தான்.

நாமக்கல்லில் இத்தனை வருடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் வருகிற செல்ஃப் மோட்டார்களில் தானாகத் தேய்ந்து செத்தவை கம்மி. வண்டி அதைக் கொன்றிருக்கும். பெரிய டீசல் இன்ஜினைச் சுற்ற இந்த மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கிறது. 400 ஆம்பியர் போகும் வழியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு ஓம் தடை இருந்தால் போதும், இரண்டு வோல்ட் அங்கேயே சூடாகக் கரைந்துவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றும். வேகம் ஏறினால்தான் மோட்டார் இழுக்கும் கரண்ட் இறங்கும், மெதுவாகச் சுற்றும்வரை கரண்ட் உச்சியிலேயே நிற்கும். டீசல் இன்ஜினும் ஓரளவு வேகம் இல்லாமல் பிடிக்காது, அதனால் டிரைவர் சாவியை விடாமல் இன்னும் அழுத்துகிறார், ஈயம் உருகுகிறது. ஒரு தடவைக்குப் பத்து விநாடி, அப்புறம் ஒரு நிமிடமாவது ஓய்வு. அதற்கு மேல் அடித்தால் எந்தக் கம்பெனி மோட்டாரும் தாங்காது.

மீட்டர் இல்லாதவர்கள் கையை வைத்தே பார்க்கலாம். நான்கைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டு, இன்ஜினும் சாவியும் ஆஃபில் இருக்கும்போது கேபிள் முனையில் இருக்கும் ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள், எந்த லக் மட்டும் சுடுகிறதோ அங்கேதான் நோய். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சோடா மாவு கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடித்து, மேலே வாசலின் பூசுங்கள். கிரீஸை முதலில் தடவிவிட்டு அதன்மேல் லக்கை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்தது பாட்டுப் பெட்டி. வண்டி 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரி இரண்டு வரிசையாக இணைத்திருக்கும். பாட்டுக்கும் ஃபேனுக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று இரண்டில் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போக, டைனமோவோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கில் சார்ஜ் கொடுப்பதால் மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றுகிறது. கடைசியில் இரண்டும் போகும், அவற்றோடு செல்ஃபும் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்கள். பேட்டரி மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று புதுசு ஒன்று பழசு என்று ஓட்ட வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 19-க்குக் கீழே விழக்கூடாது.

பழைய வண்டிக்கே உரிய இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, இன்ஜினை அணைக்க இழுத்த ஸ்டாப் கேபிளைத் திரும்ப உள்ளே தள்ள மறப்பது, அல்லது கேபிள் துருப்பிடித்து முழுக்கத் திரும்பாமல் நிற்பது. பம்ப் டீசலே விடாது, டிரைவர் அடித்துக்கொண்டே இருப்பார். இன்னொன்று ஏர் லாக், அதாவது டீசல் வரும் வழியில் காற்று அடைத்துக்கொள்வது. டீசல் தீர்ந்தாலோ ஃபில்டர் மாற்றினாலோ ஃபீட் பம்பில் இருக்கும் கை பிரைமரை அடித்து, பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் சுத்தமாக வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். கை வலிக்கிறது என்று அந்த வேலையைச் செல்ஃபிடம் விட்டால் அன்றைக்கே எரிந்துவிடும்.

சத்தத்தை வைத்தும் ஓரளவு பிடிக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். டக்டக்டக் என்று அடித்து லைட்டும் மங்கினால் பேட்டரி, கேபிள் பக்கம் போங்கள். ஒரே ஒரு டக், லைட் மங்கவில்லை என்றால் சொலனாய்டு காண்டாக்ட் கருகியிருக்கலாம், கம்யூட்டேட்டரைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்து தொடாமல் இருக்கலாம். கிர்ரென்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் வழுக்குகிறது, இல்லை அது கோக்கும் இன்ஜின் ரிங் கியரின் பல் போயிருக்கிறது. ஆறு சிலிண்டர் இன்ஜின் அணைந்து நிற்கும் இடம் பெரும்பாலும் மூன்றே மூன்றுதான், அதனால் ரிங் கியரிலும் அந்த மூன்று இடத்துப் பற்கள்தான் முதலில் தேயும். பல் தேய்ந்த ரிங்கில் புதுப் பெண்டிக்ஸைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

கழற்றி வேலை செய்கிற தம்பிகளுக்குச் சில வார்த்தை. கார்பன் பாதி நீளத்துக்கு வந்துவிட்டால் முழு செட்டையும் மாற்றுங்கள். கம்யூட்டேட்டரை எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள், அந்தத் துகள் இடுக்கில் தங்கி ஷார்ட் ஆகும், உப்புக் காகிதம் போதும். கம்யூட்டேட்டர் பட்டைகளுக்கு இடையில் இருக்கும் மைக்காவைத் தாழ வெட்டுவது மாடலுக்கு மாடல் மாறும், சில செல்ஃபில் வெட்டவே கூடாது. பெண்டிக்ஸை டீசலில் ஊறப்போட்டுக் கழுவினால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும், துணியால் துடைத்தால் போதும். ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்ஷை மாட்டுவதற்கு முன் ஒரு நாள் சுத்தமான இன்ஜின் ஆயிலில் ஊற வையுங்கள். மாட்டியபின் துளையைக் குடையும் ரீமர் விட்டால் அதன் நுண்துளைகள் அடைபட்டு ஆயில் வராது. புஷ் தேய்ந்த வண்டியில் ஆர்மேச்சர் ஃபீல்டு இரும்பில் உரசிய பளபளப்பான கோடு தெரியும், அதைப் பார்த்தும் கார்பன் மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். உள்ளே ஆயிலும் கிளட்ச் தூளும் சேர்ந்து களியாக இருந்தால் ஆயில் எங்கிருந்து கசிகிறது என்று ஓனரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இனி சொல்வதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். சாவியில் எடுக்காதபோது லாரிக்கு அடியில் படுத்து, சொலனாய்டின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்து ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு ஓட கரண்ட் தேவையில்லை, சாவி ஆஃபில் இருந்தாலும் ஸ்டாப் கேபிள் உள்ளே இருந்தால் இன்ஜின் பிடித்துவிடும். கியரில் நின்ற வண்டியாக இருந்தால் பிடித்த கணமே நகரும், படுத்திருப்பவன் சக்கரத்துக்கு முன்னால் இருப்பான். பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஷெட்டில் வண்டி இப்படித்தான் குதித்தது, கிளீனர் பையனின் கால் நூலிழையில் தப்பியது. அந்தப் பையன் பேச்சே வராமல் சுவரோரம் உட்கார்ந்திருந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து என் பட்டறையில் முதலில் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், ஸ்டாப் கேபிள் வெளியே, அப்புறம் பேட்டரியின் எர்த் லக்கைக் கழற்றுவது. டிரைவர் நியூட்ரல் என்று சொன்னாலும் நானே கேபினில் ஏறிக் கியர் தடியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் படுக்கிறேன்.