குக்ரி வாங்கப் போகிறீர்களா? முதலில் கைப்பிடியைப் பாருங்கள்

நேபாளத்துக்கு மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். வயிற்றுப்போக்கு, உயர நோய், கணுக்கால் சுளுக்கு எல்லாம் இந்தத் தொழிலோடு வருபவை. அவற்றுக்காக யாரிடமும் நான் கோபித்துக்கொண்டதில்லை. மலையேற்றமெல்லாம் நல்லபடியாக முடிந்து, போக்ரா ஏரிக்கரை விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, புதிதாக வாங்கிய குக்ரியால், அதாவது வளைந்த நேபாளக் கத்தியால், விரலை அறுத்துக்கொண்டு ஓடி வருகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தப் பருவத்திலும் ஒருவர் வந்தார். உறையிலிருந்து எடுத்த குக்ரி ரத்தம் பார்க்காமல் உறைக்குள் திரும்பக் கூடாது என்று ஏதோ ஒரு காணொளியில் சொன்னார்களாம். அதை நம்பிக் கட்டைவிரலைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். நினைத்ததைவிட ஆழமாக இறங்கிவிட்டது. தையல், டெட்டனஸ் ஊசி, மறுநாள் விமானத்துக்குக் கட்டுப்போட்ட கையோடு ஓட்டம்.

படித்தவர்களும் இதை நம்புவதால் விளக்கமாகவே சொல்கிறேன். கிழக்கு நேபாளத்து மலைக் கிராமங்களில் குக்ரி என்பது வீட்டுச் சாமான். விடிந்ததும் மாட்டுக்குத் தழை வெட்டுவது அது; விறகு பிளப்பது, மூங்கில் சீவுவது, கோழி நறுக்குவது எல்லாம் அதுதான். ஒவ்வொரு முறை உறையில் போடும்போதும் ரத்தம் காட்ட வேண்டுமென்றால் அந்த ஊர்களில் ஒருவருக்கும் விரல் மிஞ்சியிருக்காது. தசைன் பண்டிகையில் ஆடு வெட்ட எடுப்பார்கள், உண்மைதான். நம் ஊர்க் கோயில் கொடையில் அரிவாள் எடுப்பதில்லையா? அதற்காக மறுநாள் தேங்காய் மட்டை சீவிய அரிவாளுக்கு ரத்தம் காட்டிவிட்டா மூலையில் சாத்துகிறோம்? ராணுவத்திலும் இதே கதைதான். 1814 முதல் 1816 வரை நடந்த போரில் கூர்க்காக்களோடு மோதிய ஆங்கிலேயர், அந்தப் போர் முடியும் முன்பே அவர்களைத் தம் படையில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் வந்த உலகப் போர்களில் அந்த வீரர்கள் பெற்ற புகழ் அவர்கள் இடுப்பிலிருந்த கத்தியின் மேலும் ஏறிக்கொண்டது. ஆனால் முகாமில் அந்தக் கத்தி செய்தது புதர் வெட்டுவதும் விறகு பிளப்பதும்தான். சிங்கப்பூர்க் காவல்துறையில் 1949 முதல் கூர்க்கா பிரிவு இருக்கிறது, குக்ரியும் அவர்களிடம் உண்டு. பணி முடிந்து போகும்போது அவர்களில் யாராவது விரலைக் கீறிக்கொள்வதை அங்குள்ள தமிழர்கள் பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கைப்பிடிக்கு அருகில் கத்தியின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், இருக்கும் சிறிய வெட்டைக் காட்டி, ரத்தம் வடிவதற்காக என்பார்கள். சிவனின் சூலம் என்றும் பசுவின் குளம்பு என்றும் சொல்வார்கள். எதை வேண்டுமானாலும் நம்புங்கள். வாங்கும்போது அந்த இடத்திலிருந்து மயிரிழை விரிசல் ஏதும் கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

என்னிடம் வரும் காயங்களில் மோசமானவை வேண்டுமென்றே கீறிக்கொண்டவை அல்ல. உறையிலிருந்து உருவும்போது வெட்டிக்கொண்டவை. குக்ரியின் உறை இரண்டு மெல்லிய மரத்துண்டுகளைச் சேர்த்து, மேலே எருமைத் தோல் போர்த்தித் தைத்தது. கத்தி வளைந்திருப்பதால் நேராக இழுத்தால் அதன் வயிறு உறையில் கூர் ஓரம் படியும் பக்கத்தை உரசிக்கொண்டு வரும். இரண்டு மரமும் சேருமிடம் அங்கேதான். மலிவான உறையில் பசை விட்டுப்போய் அந்த இடம் பிளந்திருக்கும். உறையை முழுக் கையாலும் வளைத்துப் பிடித்திருந்தால் நான்கு விரல்களின் உட்பக்கமும் சரியாக அந்தப் பிளவின் மேல் இருக்கும். மீதியை விளக்க வேண்டியதில்லை. அப்படி வருகிறவரிடம் முதலில் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். ரத்தம் நின்றதும் விரல் நுனியை மடக்கச் சொல்வேன். மடங்காவிட்டால் தசைநாண் அறுந்திருக்கிறது, பக்கத்து மருந்துக்கடையில் கட்டுப்போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்ற பேச்சே கிடையாது.

இடது கையின் கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக உறையின் பக்கவாட்டில் மட்டும் பிடியுங்கள். எந்த விரலும் கூர் ஓரம் படியும் பக்கம் சுற்றி வரக் கூடாது. கத்தியின் முதுகு உறையின் முதுகோடு ஒட்டியே வரும்படி வளைவாக உருவுங்கள். உள்ளே போடும்போதும் அப்படியே. அவசரம் வேண்டாம், உங்களை யாரும் துரத்தவில்லை.

இப்போது வாங்கும் விஷயம். காட்மாண்டுவில் தாமெல் வீதியின் கண்ணாடிப் பெட்டிகளில் பித்தளைச் சிங்கத் தலையும் கண்ணாடிபோல் மின்னும் அலகுமாக அடுக்கியிருப்பவை சுவரில் மாட்டுவதற்கானவை. அதைத் தவறென்று சொல்லவில்லை, சுவரில் மாட்டுங்கள். அதை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போகாதீர்கள். அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாகவே வேலைக்கான குக்ரி கிடைக்கும். அதில் மினுக்கம் இருக்காது, முதுகில் சுத்தியல் தடம்கூடத் தெரியும். தரான், போஜ்பூர் பக்கம் போகிறவர்கள் விஸ்வகர்மா கொல்லர்களின் பட்டறையிலேயே வாங்கலாம். காட்மாண்டுவிலேயே வாங்குவதென்றால், உள்ளூர்க்காரர்கள் வீட்டுச் சாமான் வாங்கும் கடைகளைத் தேடிப் போங்கள். விலை சொன்னால் ‘ஐசியா, என்சியா’, அதாவது இந்திய ரூபாயா நேபாள ரூபாயா, என்று கேளுங்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60. இதைக் கேட்காமலே பணத்தை நீட்டி ஏமாந்தவர்கள் என் குழுவிலேயே உண்டு.

அலகு பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்தது. பழைய இரும்பு என்று முகம் சுளிக்காதீர்கள், நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாளுக்கும் அதே பட்டைதான். அடியைத் தாங்கும் எஃகு அது. அந்தக் கொல்லர்கள் பதம் போடுவதைப் பார்க்க வேண்டும். காய்ச்சிய அலகை முழுதாகத் தண்ணீரில் முக்குவதில்லை. கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாக வாயின் மேல் மட்டும் ஊற்றிக்கொண்டே போவார்கள். வாய் கெட்டியாகும், முதுகு மிருதுவாகவே நிற்கும். அதனால்தான் கட்டையில் ஓங்கிப் போட்டாலும் அலகு முறிவதில்லை. சோதிக்க ஒரு சிறிய அரம் போதும். வயிற்றுப் பகுதியின் வாயில் அரம் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரேமாதிரி கடித்தால் அந்தக் கத்திக்குப் பதமே இல்லை. அரத்தைக் கண்டதும் கத்தியைப் பிடுங்கி உள்ளே வைக்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

கைப்பிடியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பழைய முறையில் அலகின் வால் கைப்பிடிக்குள் குறுகிப் போய் அடிப்பக்கத்தில் வெளியே வந்து, சிறிய தகட்டின் மேல் அடித்து மடக்கப்பட்டிருக்கும், உள்ளே அரக்கு. ஒழுங்காகச் செய்தால் ஆயுளுக்கும் வரும். மோசமானவற்றில் வால் பாதியிலேயே நின்றுவிடும், மீதியெல்லாம் அரக்குதான். வெயிலில் அரக்கு இளகினால் அலகு தனியே கழன்று பறக்கும். அடித்தகட்டில் இரும்பின் தலை தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பிடியை இறுகப் பிடித்து மறு கையால் கத்தியின் முதுகைத் தட்டுங்கள். பூண் பக்கம் சிறு அதிர்வு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதையெல்லாம் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ‘பனாவல்’ வகை நல்லது. அலகின் இரும்பே கைப்பிடி முழுவதும் நீண்டு, இருபுறமும் கட்டை வைத்து ஆணி அறைந்திருக்கும். ஓரத்தில் கண்ணால் பார்க்கலாம். எருமைக் கொம்புப் பிடி அழகுதான், ஆனால் குளிரிலும் வறட்சியிலும் வெடிக்கும். மரப்பிடி வாங்குங்கள்.

அளவில் பேராசை வேண்டாம். அலகு 10 அங்குலத்தை ஒட்டியும் மொத்த எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேலும் இருந்தால் முகாம் வேலைக்குப் போதும். முதுகு தடித்த பெரிய குக்ரியை வாங்கினால் பத்து வெட்டுக்குள் மணிக்கட்டு தளர்ந்து, அடுத்த வெட்டு முழங்காலில் விழும். சிறுபாத்தே என்ற ஒல்லி வகை தழைக்கும் புதருக்கும் சரி, கட்டை பிளக்க அல்ல. வெட்டும்போது மண்டியிட்டு, அடியில் ஒரு கட்டை வைத்து வெட்டுங்கள். உறையில் செருகி வரும் இரண்டு சிறு கத்திகளில் கூரில்லாதது சாணைக்கு உதவுவது, உடைந்த சாமான் என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். ஈரக் கத்தியை உறையில் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது.

ஊருக்குக் கொண்டு வந்த பிறகுதான் பலருக்குச் சட்டம் நினைவுக்கு வருகிறது. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. நம் ஆயுத விதிகளின் அட்டவணையில் குக்ரி பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செய்யப்படாததாக இருந்தால் அது ஆயுதக் கணக்கு. வேலைக்கான குக்ரி என்று காட்ட ரசீது உதவும், கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில், சொந்த நிலத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் நடக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆகவே முதுமலைக்கோ ஆனைமலைக்கோ கிளம்புகிறவர்கள் குக்ரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே விறகு வெட்டவும் உங்களுக்கு அனுமதி கிடையாது.