அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு: நீலகிரி நோயாளிகளுக்குக் காப்பீட்டுத் திட்டம் எப்படி உதவும்?

புற்றுநோய்க் கட்டியை அகற்றிக்கொண்டு வீடு திரும்பியவரிடம் "அடுத்து கரண்ட் வைக்க வேண்டும்" என்று மருத்துவர் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் குறிப்பிட்டுச் சொன்னால், அறுவை சிகிச்சைக்குக் காட்டிய காப்பீட்டு அட்டையே இதற்கும் போதும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அட்டை அதேதான், அனுமதிதான் வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு தனிச் சிகிச்சையாகக் கணக்கிடப்படுவதால், அதை அளிக்கும் மருத்துவமனை அதற்கெனத் தனியாக முன் அனுமதி பெற வேண்டும்.

2012 முதல் இந்தப் பெயரில் நடைபெற்று, 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். காப்பீட்டுத் தொகையான 5 லட்சம் ரூபாய் ஆளுக்கு அல்ல, குடும்பம் முழுமைக்கும் ஓராண்டுக்கு உரியது. அறுவை சிகிச்சைக்கு ஏற்கெனவே கழிக்கப்பட்டது போக மீதி எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் உதகை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிக்கல் பெரும்பாலும் குடும்ப அட்டையில்தான் எழுகிறது. கூடலூரிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டிக்கோ (படுகர் ஊர்) எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கோ மணமாகி வந்த பெண்ணின் பெயர் ஆண்டுகள் கடந்தும் தாய்வீட்டு அட்டையிலேயே இருக்குமானால், கணவர் குடும்பத்தின் காப்பீட்டில் அவரைச் சேர்க்க இயலாது. நோய் வந்த பிறகு அந்தப் பெயர் மாற்றத்துக்காக ஒரு பெண்ணை அலையவிடுவது கொடுமை. வீட்டில் உள்ளவர்கள்தான் அதைப் பொறுப்பேற்று முடிக்க வேண்டும்.

புண் ஆறுவதற்காகக் கதிர்வீச்சைப் பொதுவாகச் சில வாரங்கள் தள்ளித் தொடங்குவார்கள். இந்த வேலைகளுக்கு அந்த இடைவெளியே உகந்தது. தொடங்கிவிட்டால் வாரத்துக்கு 5 நாள் வீதம், நோயைப் பொறுத்து 3 முதல் 6 வாரங்கள் வரை நீளும். இடையில் நாட்கள் தவறினால் சிகிச்சையின் பலன் குறையக்கூடும் என்பதால், பர்லியாறு மலைப்பாதை வழியே மழையிலும் மண்சரிவிலும் தினமும் கோவைக்கு இறங்கி ஏறலாம் என்று திட்டமிடுவது சரியல்ல. கோவையில் தங்க இடம் பார்த்துக்கொள்வதும், வெளியூர் நோயாளி என்று சொல்லி உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் நல்லது.

திட்டத்தில் பதிவான எல்லா மருத்துவமனைகளிலும் கதிர்வீச்சுக் கருவி இருப்பதில்லை. மேலும், முதலில் ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கு எவ்வளவு பாய வேண்டும் என்று கணக்கிட்டு, தோலில் அடையாளமிட்ட பிறகுதான் சிகிச்சை தொடங்கும். நடுவே மருத்துவமனையை மாற்றினால் கணக்கையும் அனுமதியையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே தேர்வை ஒரே முறையில் செய்துவிடுங்கள். வருமான வரம்பைத் தாண்டியவர்கள் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

வாரக்கணக்கில் ஆகும் அறை வாடகையும், துணைக்கு வருபவர் இழக்கும் தினக்கூலியும் காப்பீட்டில் வராது. மலையில் வாழ்பவர்களுக்குச் சிகிச்சையை விட இதுவே பெரும் சுமையாகிவிடுகிறது. அரசு இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னைக்கு அனுப்பப்படுபவர்களுக்கு ரயில்வே சலுகை உண்டு: மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்றைக் காட்டினால், தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை; உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்குச் சீட்டு எடுக்கும்போது சான்றைக் கையில் வைத்திருங்கள்.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.